ஆட்டோவில் பிரேக் இறங்கினால்: ஏர் எடுக்கும் முன்பும், எடுக்கும்போதும்

குன்னூரில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பெட்ரோலுக்கு அடுத்த கவலை பிரேக்தான். சிம்ஸ் பூங்காவில் சவாரி ஏற்றிப் பெட்ஃபோர்டு வழியாகப் பேருந்து நிலையத்துக்கு இறங்கினாலே போதும், கால் பாதி நேரம் பெடல் மேல்தான் இருக்கும். நான் வைத்திருப்பது பஜாஜ் ஆர்.இ. சொந்த வண்டி. பிரேக் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். ஸ்டாண்டில் உள்ளவர்களுக்கும் கைகொடுப்பதுண்டு. எல்லோரும் வந்து கேட்பது ஒன்றையேதான்: "அண்ணே, பிரேக் உள்ள போகுது, கொஞ்சம் ஏர் எடுத்து விடுங்க."

ஏர் எடுப்பது என்றால் பிரேக் ஆயில் ஓடும் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அதைத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஆனால் பிரேக் லைன் என்பது முழுக்க மூடிய குழாய். காற்று அதற்குள் சும்மா போகாது. போயிருக்கிறது என்றால் எங்கோ வழி இருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ஏரை மட்டும் எடுத்துவிட்டு வண்டியை ரோட்டில் விட்டால், சில நாளில் அதே பெடல் மறுபடி இறங்கும். சமதரையில் இறங்கினால் சமாளித்துவிடலாம். மூன்று பேரை வைத்துக்கொண்டு இறக்கத்தில் வரும்போது இறங்கினால் என்ன செய்வது? அதனால்தான் ஸ்பேனரை எடுக்கும் முன் பெடலைக் காலால் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். பிரேக் இறங்குவதில் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் ஏர் காரணமில்லை.

காலால் பார்ப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். கார் மாதிரி ஆட்டோவில் பிரேக்குக்கு, காலின் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. இஞ்சின் ஓடாவிட்டாலும் பெடல் உள்ளதைச் சொல்லிவிடும்.

பெடல் நீளமாக இறங்கி, கீழே போய்க் கெட்டியாக நிற்கிறதா? உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே பிடிக்கிறதா? இது பெரும்பாலும் ஷூ தேய்ந்து, டிரம்முக்கும் லைனருக்கும் இடைவெளி கூடியதால் வருவது. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம், ஷூ அதற்குள் விரிந்து உரசும் பிறை வடிவத் துண்டு, லைனர் ஷூ மேல் உள்ள உரசும் பட்டை. உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக் லீவரை லேசாக இழுத்து வைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் உள்ள அதே ஷூவைத்தான் கேபிள் வழியாக விரிக்கிறது. லீவரை இழுத்ததும் பெடல் மேலே ஏறிவந்து கெட்டியானால், பின்னால் ஷூ இடைவெளிதான் கோளாறு. ஏர் வெளியேற்றச் சக்கரத்தில் இருக்கும் சின்னத் திருகான நிப்பிளைத் தொடவே வேண்டாம். ஷூவை நெருக்கினால் போதும். லைனர் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஸ்டாண்டில் "ஏர் புடிச்சிருக்கு" என்று வருகிற வண்டிகளில் நிறைய இந்த வகைதான்.

பெடல் மெத்தென்று இருந்து, எங்கே பிடிக்கத் தொடங்குகிறது என்றே காலுக்குத் தெரியாமல், அழுத்த அழுத்த உள்ளே போனால் அது ஏர். பிரேக் ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். காலின் பலம் ஷூவுக்குப் போகாமல் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. விட்டு விட்டு நாலைந்து முறை மிதித்தால் கொஞ்சம் கெட்டிப்படும். ஆனாலும் அந்த மெத்தென்ற உணர்வு முழுக்கப் போகாது.

மூன்றாவது வகைதான் எனக்குப் பயம் தருவது. பெடல் மேலேயே நன்றாகப் பிடிக்கும். காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் வைத்திருந்தால், மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். இது கசிவு. வண்டியில் பிரேக் ஆயில் இருக்கும் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தால் வெளியே கசிகிறது. அளவு குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர், நம் மெக்கானிக்குகள் பக்கெட் என்பார்களே அது, தேய்ந்து ஆயிலைத் தாண்ட விடுகிறது. இப்படிப்பட்ட வண்டியில் எவ்வளவு ஏர் எடுத்தாலும் பயனில்லை. டிராஃபிக்கில் பட்டுப் பட்டென்று மிதிக்கும்போது ஒன்றும் தெரியாது. மேட்டில் சிக்னலுக்காக மிதித்தபடி நிற்கும்போதுதான் வண்டி மெல்லப் பின்னால் உருளும்.

காலையில் பிரேக் நன்றாக இருந்து, நீண்ட இறக்கம் இறங்கி முடிக்கும்போது மட்டும் பெடல் தரை தட்டி, வண்டி ஆறியதும் பழையபடி சரியாகிவிட்டால், ஆயில் பழசாகித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் (டாட் எண் என்பது பிரேக் ஆயிலின் வகை) குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தத் தாங்கும் அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தபின் 155. இறக்கத்தில் தேய்ந்து தேய்ந்து டிரம் சூடேறும்போது சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் இருக்கும் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையும்தான். டப்பா மூடி சரியாக மூடாமல் இருந்தால் ஆயில் சீக்கிரமே கெட்டுவிடும். இதற்கு மருந்து ஆயிலை முழுக்க மாற்றுவது. கூடவே, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். இதை மலையில் ஓட்டுகிற எவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனரில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கிறது, அல்லது லைனர் வெந்து பளபளப்பாகிவிட்டது. அதற்கும் ஏருக்கும் சம்பந்தமில்லை.

வழியைக் கண்டுபிடிப்பது

ஏர்தான் என்று தெரிந்துவிட்டால், எப்படி வந்தது என்று பாருங்கள். முதல் கேள்வி: சமீபத்தில் யாராவது வண்டியைச் சாய்த்தார்களா? கிளட்ச் வேலைக்கும் அடிப்பக்க வேலைக்கும் ஆட்டோவை டயர் மேல் சாய்த்துப் படுக்க வைப்பது நம் பக்கத்தில் சாதாரணம். டப்பாவில் ஆயில் குறைவாக இருக்கும்போது சாய்த்தால், மாஸ்டருக்குப் போகும் துளை ஆயிலுக்கு மேலே வந்துவிடும். அந்த நிலையில் யாராவது பெடலைத் தொட்டால் காற்றைத்தான் இழுக்கும். வேறு கசிவு எதுவும் இல்லாமல், சாய்த்த பிறகு பெடல் இறங்கியிருந்தால் நல்ல செய்தி. ஏர் எடுத்தால் தீர்ந்தது.

அப்படியில்லை என்றால் ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். பெடலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பின்முனையில் உள்ள ரப்பர் உறையை விலக்கி விரலை வையுங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டர் கசிகிறது. அப்புறம் முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய், அதாவது ஹோஸ். ஹேண்டில் திரும்பத் திரும்ப அது மடங்கி மடங்கிப் பழசாகும். அதை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை ஒருவர் அழுத்தும்போது ஹோஸ் விரலுக்குள் உப்பினால் அதுவும் பெடலை இறக்கும். ஏர் எடுத்து அது சரியாகாது, ஹோஸைத்தான் மாற்ற வேண்டும். பின்பக்க ஹோஸ்களையும் அதேபோல் பார்த்துவிடுங்கள்.

சக்கரங்களின் உள்பக்கம், டிரம்மை மூடியிருக்கும் பேக் பிளேட்டின் கீழ் ஓரத்தில் கசிவு தெரிந்தால் அவசரப்பட்டு வீல் சிலிண்டர் கிட் (மாற்று ரப்பர்கள்) வாங்க ஓடாதீர்கள். பின்சக்கரத்தில் ஆக்சில் சீல் போயிருந்தால் கியர் ஆயிலும் அதே இடத்தில்தான் வழியும். முன்சக்கரத்தில் ஹப் கிரீஸ் உருகி வரும். எது என்று தெரிந்துகொள்ள டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, வழிந்ததில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். கியர் ஆயில் என்றால் மேலே வட்டமாக மிதக்கும். ஸ்டாண்டில் இதை நான் செய்து காட்டாத ஆளில்லை. அந்த டம்ளரை மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான்.

வீல் சிலிண்டர் கசிந்தால் டிரம்மைக் கழற்றி, ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். உள்சுவரில் துருவோ குழியோ இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, புதிய ரப்பரையும் அது கிழித்துவிடும். சிலிண்டரையே மாற்றுங்கள். ஆயிலில் நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டுகிறவர்கள் உண்டு. லைனர் உறிஞ்சிய ஆயில் சூட்டில் மறுபடி கசியும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷூவை மாற்றிவிடுவதே சரி, அதுவும் இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து. டிரம்மில் இருக்கும் கருந்தூளை வாயால் ஊதவோ ஏர் கன்னால் அடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஏர் எடுக்கத் தேவையானவை

மூடி திறக்காத பிரேக் ஆயில். டாட் 3 ஆ, 4 ஆ என்பது வண்டியில் உள்ள ஆயில் டப்பாவின் மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ போட்டிருக்கும். டாட் 5 என்று விற்பது சிலிகான், வேறு ஜாதி, இதில் ஊற்றக் கூடாது. நாம் "ஆயில்" என்று கூப்பிடுவதாலேயே ஒரு ஆபத்து இருக்கிறது: அவசரத்துக்கு யாராவது இஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் எல்லா ரப்பரும் ஊதிப்போகும். பிறகு மாஸ்டர், மூன்று வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாமே செலவு. பெரிய டப்பா வாங்கி மிச்சம் வைக்காதீர்கள். கால் லிட்டர் டப்பாவாக வாங்குங்கள். முழுக்க மாற்றுவதானால் இரண்டு. திறந்து மாதக்கணக்கில் கிடந்ததை பிரேக்கில் ஊற்றாதீர்கள்.

நிப்பிளுக்குச் சரியான அளவில் ரிங் ஸ்பேனர். ஓப்பன் ஸ்பேனர் நிப்பிளின் முனையை மழுக்கிவிடும். நிப்பிளில் இறுக்கமாக ஏறும், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்று. மீன் தொட்டிக்கு விற்கும் டியூப் பொருந்தும். ஒரு சின்ன பாட்டில். துணி, ஒரு குவளைத் தண்ணீர். பெடலுக்கு ஒரு ஆள். இதோடு ஒரு மரக்கட்டை, அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். தூக்க வேண்டியிருந்தால் மற்ற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஜாக் போட்ட பிறகு ஸ்டெப்னி டயரைச் சேஸிஸுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக் நழுவினாலும் வண்டி ஆள் மேல் விழாது. இந்த வேலைக்கு வண்டியைச் சாய்க்கவே கூடாது.

வேலை

டப்பாவின் மூடியைச் சுற்றி முதலில் துடையுங்கள், மண் உள்ளே விழக் கூடாது. திறந்து மேல் கோடு வரை நிரப்புங்கள். நிப்பிள்களையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். துரு ஏறியிருந்தால் துரு இளக்கும் திரவத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஸ்பேனரை முன்னும் பின்னுமாக லேசாக அசைத்துத் திறக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் நிப்பிள் உடையும். உடைந்தால் அந்தச் சிலிண்டரே போயிற்று.

மாஸ்டரிலிருந்து எந்தச் சக்கரத்தின் குழாய் மிக நீளமோ அங்கே தொடங்குங்கள். ஆட்டோவில் பெடல் வலப்பக்கம் இருப்பதால் வழக்கமாக இடது பின்சக்கரம், அடுத்து வலது பின்சக்கரம், கடைசியில் முன்சக்கரம். உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு வரிசை போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விடுங்கள். பாட்டிலில் முன்பே விரல் உயரத்துக்குப் புது ஆயில் ஊற்றி, முனை அதில் மூழ்கியிருக்க வேண்டும். நிப்பிளை மூட ஒரு நொடி தாமதமானாலும் காற்று திரும்பப் போகாமல் இருக்க இது ஒரு காவல்.

இனிப் பேச்சில்தான் வேலை நடக்கும். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஸ்டாண்டுத் தம்பி ஒருவன் சீட்டில்.

"மெதுவா அழுத்து."

"அழுத்திட்டேன்ணே, புடிச்சிருக்கேன்."

நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறேன். டியூபில் ஆயில் குமிழியோடு சீறி வரும். பெடல் இறங்கும்.

"கீழ வந்துருச்சுண்ணே."

"காலை எடுக்காதே." நிப்பிளை மூடுகிறேன். "இப்ப விடு. மெதுவா."

இதில் ஒரே சட்டம்தான்: நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வரக் கூடாது. வந்தால் எடுத்த காற்று அத்தனையும் திரும்ப உள்ளே போகும். அதனால் பெடலில் உட்காருகிறவர் தானாக எதுவும் செய்யாமல், சொன்னதை மட்டும் செய்கிறவராக இருக்க வேண்டும். வேகமாகப் படபடவென்று மிதிப்பதும் தப்பு. பெரிய குமிழியெல்லாம் உடைந்து பொடிக் குமிழியாக ஆயிலில் கலந்துவிடும். அதை எடுப்பது பெரும்பாடு. அப்படி ஆகிவிட்டால் அரை மணி நேரம் வண்டியைச் சும்மா விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மரக்கட்டை எதற்கு என்றால், பெடலுக்கு அடியில் வைத்து, பெடல் தரைவரை போகாமல் தடுப்பதற்கு. தினமும் ஓட்டும்போது மாஸ்டருக்குள் பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் ஓடும். அந்த இடம் வழவழவென்று இருக்கும். அதைத் தாண்டி உள்ளே இத்தனை வருடம் பிஸ்டன் போகாத இடத்தில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். நிப்பிளைத் திறந்து பெடலைத் தரைவரை விட்டால் ரப்பர் அந்தக் கசடின் மேல் ஏறி இறங்கிக் கிழியும். ஏர் எடுக்கும்வரை நன்றாக இருந்த மாஸ்டர், ஏர் எடுத்த மறுநாள் போய்விட்டது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழைய வண்டிகளில் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சக்கரத்துக்கு நாலைந்து முறை எடுத்ததும் டப்பாவைப் பாருங்கள். ஆயில் கீழ்க் கோட்டுக்கு வரும் முன்பே ஊற்ற வேண்டும். டப்பா ஒருமுறை காலியானால் செய்த வேலை அத்தனையும் வீண். பாட்டிலில் விழுந்ததை மறுபடி டப்பாவில் ஊற்றவே கூடாது, பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தாலும். பழைய ஆயில் டிகாஷன் நிறத்தில் வரும். போகப்போக வெளுத்து, புது ஆயிலின் இளமஞ்சள் நிறம் வந்து, குமிழி முழுக்க நின்றபிறகும் இரண்டு முறை கூடுதலாக எடுத்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். நிப்பிளை மூடும்போது குட்டை ஸ்பேனரால் இறுக்கினால் போதும். ரப்பர் தொப்பியை மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாமல்தான் நிப்பிள் துருப்பிடிக்கிறது.

டப்பா காலியாகி மாஸ்டரே வறண்டுபோயிருந்தால் சக்கரத்தில் தொடங்கினால் ஆயில் வராது. முதலில் மாஸ்டரிலிருந்து வெளியேறும் பைப்பின் நட்டைத் துணி சுற்றி லேசாகத் தளர்த்தி, இதே முறையில் அங்கே ஏர் எடுங்கள். ஆயில் சுத்தமாக வந்ததும் இறுக்கிவிட்டுச் சக்கரத்துக்குப் போங்கள்.

மூன்று சக்கரமும் முடித்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், எந்தச் சக்கரம் என்று பிரித்துப் பார்க்கலாம். ஹோஸைப் பிடிக்கவென்றே வழவழப்பான தாடையுள்ள கிளாம்ப் கிடைக்கும். ஒரு ஹோஸை மட்டும் பிடித்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். சட்டென்று கெட்டியானால் அந்தச் சக்கரத்தில்தான் ஏரோ உப்பும் ஹோஸோ ஷூ இடைவெளியோ மிச்சம் இருக்கிறது. மூன்று ஹோஸையும் பிடித்த பிறகும் பெடல் இறங்கினால் கோளாறு மாஸ்டர் பக்கம். பல்லுள்ள பிளையரால் ஹோஸைக் கடிக்கக் கூடாது. வெடித்த ஹோஸில் கிளாம்பும் போட வேண்டாம்.

முடித்த பிறகு

ஆயில் பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயிண்ட்டை அது உரித்துவிடும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் நன்றாகக் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ஆயிலைக் குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து வீட்டில் வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது விஷம். நிறத்தைப் பார்த்து ஜூஸ் என்று நினைத்துக் குழந்தை வாயில் வைத்துவிடும். மூடி போட்ட டப்பாவில் வைத்து, கழிவு ஆயில் வாங்கும் ஒர்க்ஷாப்பில், இது பிரேக் ஆயில் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம்.

பெடலில் கையால் அழுத்திப் பாருங்கள். மாஸ்டரைத் தொடும் முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் மிதித்து விட்டபின் ஆயில் டப்பாவுக்குத் திரும்பாமல், பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் கொதிக்கும். அதன்பின் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். இம்மியும் இறங்கக் கூடாது. அந்த அழுத்தத்திலேயே ஒருவர் மூன்று நிப்பிளையும் விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

ஓட்டிப் பார்ப்பது ஆளில்லாத சமதரையில், நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கை தயாராக இருக்க. நேராக நிற்கிறதா, ஏதாவது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு கொஞ்சம் வேகம் கூட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் மூன்று டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் ஷூ விடவில்லை. மறுநாள் காலை சவாரிக்குப் போகும் முன் டப்பாவின் அளவையும், சக்கரங்களுக்கு அடியில் தரையையும் பாருங்கள். அளவு ஒரு நூல் குறைந்திருந்தாலும் அன்றைக்கு மேல் குன்னூர் சவாரி வேண்டாம், டிரம்மைக் கழற்றுங்கள்.